நெத்தித்துணி

இல்லன்னு சொல்லலயேக்கா, உங்களத்தான் எழுதினேன், அதுக்கென்ன இப்பம்? மேலுதட்டு மச்சமும் உங்களுதுதான், மஞ்சக்கரை வச்ச பச்சச் சேலயும் உங்களுதுதான், சிரிச்சா எட்டிப் பாக்குத அந்தத் தெத்துப்பல்லும் உங்களுதுதான். கதை எழுதுதவ ஆளப் பாத்துத்தான் எழுதுவா, ஆகாசத்தப் பாத்தா எழுதுவா? ஆனா நீங்க கேட்டது அத இல்ல, எனக்குத் தெரியும். உள்ள வந்ததும் வராததுமா செருப்பக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, என் மூஞ்சிக்கு நேரா ஒத்தக் கேள்வியக் கேட்டுட்டு, நான் வாயத் தொறக்கதுக்குள்ள அஞ்சாம் நம்பர் கட்டில்ல ஏறி மூஞ்சியச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டிய. இது என்ன நியாயம்? கேள்வி கேட்டவ பதிலக் கேட்டுட்டுல்லா திரும்பணும். பட்டிமன்றத்துல கூட எதிர் அணிக்கு ரெண்டு நிமிசம் குடுப்பாவ. எனக்கும் உங்களுக்கும் நடுவுல மூணடி. ரெண்டு பேரு ரத்தமும் உடம்ப விட்டு வெளிய வந்து குழாயில சுத்திட்டுக் கெடக்கு. எந்திரிச்சுப் போயிரவும் முடியாது, கோவத்துல கதவ அடச்சுச் சாத்தவும் முடியாது. இன்னும் மூணு மணி நேரம் நாப்பத்தெட்டு நிமிசம்னு என் டயாலிசிஸ் மிசின்ல பச்ச எழுத்து நிக்குது. அம்புட்டு நேரமும் நான் உங்க பின்மண்டையப் பாத்துட்டே கெடக்கணுமா? கொண்டையில சொருகுன ஊக்கு கழண்டு தொங்குது, சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வருது, சொல்ல மாட்டேங்கேன். நீங்க மொதல்ல திரும்புங்க. செவ்வா, வியாழன், சனி, ரெண்டு வருசம், நாலாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும். என் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சா நீங்கதான கத்துவிய, 'ஏ சிஸ்டரு, இந்தப் பிள்ளைக்குக் கால் இழுக்கு, அங்க என்ன போன்ல கொஞ்சிக்கிட்டு நிக்கிய'ன்னு. எங்கம்மாவுக்கு முன்ன உங்களுக்குத் தெரியும் எனக்கு எங்க வலிக்குன்னு. ஒரு கதைக்காவ இம்புட்டுத் தூரம் திரும்பிப் படுப்பியளாக்கா? ஒரு கதைதான. ஒரு பேய்க்கதை.

சரி, ஒரு கதை மட்டும் இல்ல. தெரியும். மெர்சி சிஸ்டர் செவ்வாக்கெழமை எனக்கு ஊசி போடும்போதே சொல்லிட்டாவ. அன்னைக்கு உங்க கட்டில் காலியாக் கெடந்துச்சு. காலிக் கட்டிலப் பத்தி இங்க யாரும் கேக்க மாட்டோம், அது ஒரு பழக்கம், எவரும் சொல்லித் தரல, தானா வந்த பழக்கம். கேட்டா பதில் வந்துருமேன்னு பயம். நான் கேட்டுட்டேன். எட்டாம் நம்பர் அண்ணாச்சி கண்ண மூடிக்கிட்டாரு. மெர்சி சிஸ்டர் என் காதுகிட்டக் குனிஞ்சு, 'அவ இருக்கா, பதறாதட்டி, ஆனா வர மாட்டேன்னுட்டா'ன்னாவ. சனிக்கெழம நீங்க உள்ள கெடக்கும்போது உங்க வீட்டுக்காரரு, கொம்பையா அண்ணாச்சி, வெளிய நடையில பெஞ்சுல உக்காந்திருந்தாராம். தலைக்கு மேல போர்டு. அந்தப் போர்டுல, 'ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் நீர் அருந்தாதீர்'ங்கிற சார்ட்டுக்குப் பக்கத்துல, நம்ம டெக்னீசியன் வின்சென்ட் அண்ணன் என் கதைய வாரப் பத்திரிகையில இருந்து வெட்டி, நாலு மூலைக்கும் பின் அடிச்சு, மேல செவப்பு ஸ்கெட்ச்ல 'நம்ம காலை ஷிப்ட் பிள்ளை, முதல் பரிசு'ன்னு எழுதி ஒட்டிருந்தாரு. நாலு மணி நேரம் சும்மா உக்காந்திருக்க மனுசன் என்ன செய்வாரு? வாசிச்சாரு. திரும்பத் திரும்ப வாசிச்சாராம், வெரல வச்சு வச்சு. ஞாயித்துக்கெழம காலையிலேயே பிள்ளையத் தூக்கிட்டுக் கோவில்பட்டிக்கு, அவுக அம்மா வீட்டுக்குக் கொண்டு விட்டுட்டாரு. போன மாசம் தர்ஷிகா காச்சல்ல கெடந்தால்லா, அத நெனச்சுப் பாத்திருக்காரு. என் கதையில ஒரு அம்மா, தாகம் தாங்காதவ, காச்சல்ல கெடக்க பிள்ள நெத்தியில போட்ட ஈரத்துணிய எடுத்துச் சூப்பிட்டு, காஞ்ச துணியத் திரும்ப வைக்கா. வச்சுட்டே இருக்கா. பிள்ள முருங்கக்காய் மாதிரி வத்திப் போவுது. அந்த அம்மாவுக்கு மேலுதட்டுல மச்சம். அம்புட்டுத்தான், பிள்ள கோவில்பட்டியில. ஆறு வயசுப் பிள்ள. ரெட்டச் சட போட்டு வாசல் கண்ணாடி வழியா உங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ள. இன்னைக்கு வாசல் கண்ணாடியில யாரும் இல்ல. நீங்க உள்ள வரும்போது மூஞ்சி பூரி மாதிரி வீங்கியிருந்துச்சு, ஒரு தடவ தவறுனதுக்கே. நான் பாத்தேன். பாத்துட்டு, அக்கா, சொல்லுததுக்கே வாய் கூசுது, 'பூரி மாதிரி'ங்கிறது சரியா வருமா, இல்ல 'ஊறப் போட்ட கருவாடு'ன்னு சொல்லணுமான்னு ஒரு செகண்டு யோசிச்சேன். இப்பிடித்தான் நான். இதையும் சேத்தே திட்டுங்க.

கிணறு குடித்தவள். அதான் அந்தக் கதைக்கு நான் வச்ச பேரு. பரிசு வாங்கினதும் காலேஜ்ல பாராட்டு விழான்னு கூப்பிட்டு மேடையில உக்கார வச்சாவ. துறைத்தலைவரு மைக்கப் பிடிச்சுட்டு, 'துன்பம்தான் படைப்பாளியை உருவாக்குகிறது, பிரிசில்லாவின் சிறுநீரகம் செயலிழந்திருக்கலாம், ஆனால் அந்த நோயே அவருக்கு வாய்த்த கொடை'ன்னாரு. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிருச்சு. அடுத்து என்கிட்ட மைக் வந்துச்சா, 'சார், அவ்வளவு பெரிய கொடைன்னா உங்க ரெண்டு கிட்னியையும் எனக்குத் தந்துருங்க, அடுத்த வருசம் நீங்க பரிசு வாங்குங்க'ன்னு கேட்டுட்டேன். ஹாலே கை தட்டுச்சு. பின் வரிசையில ஒருத்தன் விசிலடிச்சான். உங்ககிட்ட வந்து சொன்னேன்லா, கதைய நீங்க அப்பம் வாசிச்சிருக்கல, நீங்க சிரிச்ச சிரிப்புல மிசின் அலாரம் அடிச்சு, வின்சென்ட் அண்ணன் ஓடி வந்து, 'யக்கா, ரத்தம் ஓடும்போது டான்ஸ் ஆடாதிய'ன்னாரு. அன்னைக்கு நான் எம்புட்டுப் பெரிய ஆளு. ஆனா அந்தக் கெழம் சொன்னதுல பாதி நெசம்க்கா, அதான் எனக்குக் கோவமே. மொத மொத இங்க படுக்கும்போது பத்தொம்பது வயசு. ரத்தம் போற குழாய் கை மேல கெடந்துச்சு, சூடா, ஏதோ ஒரு உசிரு நம்ம மேல படுத்துத் தூங்குத மாதிரி. ஊசி குத்த வசதியா ரத்தக்குழாய ஒண்ணாத் தச்சு பிஸ்டுலா போட்ட கையக் காதுல வச்சா உள்ள வண்டு ரீங்காரம் போடுது. என்னால தாங்க முடியல. அன்னைக்கு வீட்டுக்குப் போயி நோட்டுல ஒரு பக்கம் எழுதினேன், ஒரு பொண்ணு கைக்குள்ள வண்டு குடும்பம் நடத்துத மாதிரி. எழுதி முடிச்சதும் பயம் என்னைய விட்டு எறங்கி நோட்டுல போயி உக்காந்துக்கிடுச்சு. மூடி வச்சுட்டுத் தூங்கிட்டேன். அது எப்பேர்ப்பட்ட தூக்கம் தெரியுமா? அதுல இருந்து பழகிட்டேன். எது வலிச்சாலும் அதுக்கு ஒரு பல்லு, ஒரு நெகம், ஒரு முடி வச்சு விட்டுட்டா அது என் வலி இல்ல, ஏதோ ஒரு பேயோட வேல. யாருக்கும் கெடுதல் இல்லாத வைத்தியம்னு நெனச்சேன். பொறவு என் வலி மட்டும் பத்தல. ஆறாம் நம்பர்ல ஒரு போஸ்ட்மேன் தாத்தா இருந்தாருல்லா, பேர் தெரியாத ஊருக்கெல்லாம் பின்கோடு சொல்லுவாரே. ஒரு சனிக்கெழம வரல. புது பெட்ஷீட்ட மடிப்புக் கலையாம விரிச்சு வச்சிருந்தாவ. நீங்க மெதுவா மூக்க உறிஞ்சினிய. எனக்கு மொதல்ல வந்தது அழுக இல்ல. ஒரு வரி. 'முகவரி இல்லாத ஊருக்கு அவர் தானே போய்ச் சேர்ந்தார்.' நல்ல வரின்னு தோணிச்சு. போன எடுத்து டைப் பண்ணி வச்சேன். அந்தாளு கட்டில் சூடு ஆறல. நான் என்ன பிறவி? பேயப் பத்தி எழுதுதவ பேயா இருக்கணும்னு ஏதாவது விதி இருக்கா?

ஏதோ சத்தம். உங்க மிசின் இல்ல, எட்டாம் நம்பரு. மெர்சி சிஸ்டர் போறாவ. உங்களுக்குக் குளிருது போல, தோளு நடுங்குது, இல்ல அழுதியளா? அழாதிய. அழுதா மூக்கு அடைக்கும், வாயால மூச்சு விடணும், வாய் காயும், பொறவு தாகம். தாகத்தப் பத்தி இந்த ஊர்ல யாருக்குத் தெரியும் நம்ம பத்துப் பேரத் தவிர. நம்மளுக்கு மூத்திரம் வராது, குடிச்சது அம்புட்டும் உள்ளயே தேங்கும், நுரையீரல்ல ஏறும், அதனால ஒரு நாளைக்கு அரை லிட்டரு, மருந்துக்கும் காப்பிக்கும் சாம்பாருக்கும் சேத்து. வெளிய சொன்னா, 'ஐயோ, தண்ணி குடிக்காம எப்படி'ங்கான், சொல்லிட்டு நம்ம முன்னாலேயே பாட்டில அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிக்கான். தொண்டையில அந்த முடிச்சு ஏறி எறங்குததப் பாத்துட்டே நிக்கணும். நீங்க என்கிட்ட மூணு விசயம் சொன்னிய. குளிக்கும்போது வாயத் தொறந்து வச்சுக்குவேன்னிய. பித்தாளக் கொடம் வேர்த்திருந்தா நக்கிருவேன்னிய. பிரிஜ்ல ஒட்டிக்கெடக்க பனியக் கரண்டியால சொரண்டித் திம்பேன்னிய. 'யார்ட்டயும் சொல்லிராதட்டி, எங்க மாமியா கேட்டா கோவில்பட்டியில இருந்து வந்து கொடத்தப் பூட்டி வச்சிருவா'ன்னு சொல்லிச் சிரிச்சிய. மூணையும் கதையில வச்சேன். மூணும் உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், பாத்திருக்காரு. மூணும் நெசம்னா நாலாவதும் நெசமாத்தான் இருக்கும்னு அந்த மனுசன் நெனச்சா அதுல என்ன தப்பு? நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன். நீங்க இன்னைக்குக் கேட்டதும் அதத்தான். துணி எங்க இருந்து வந்துச்சுன்னு. நீங்க சொல்லாதது, நீங்க செய்யாதது, எந்த வீட்டுல இருந்து எடுத்தேன்னு. கற்பனைன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். கதைன்னா நாலு சேத்துத்தான் எழுதுவாவன்னு சொல்லிரலாம். பத்திரிகைப் பேட்டியில அப்படித்தான் சொன்னேன், 'அந்தத் துணிக் காட்சி எப்படித் தோன்றியது'ன்னு கேட்டதுக்கு, 'தானாக வந்தது'ன்னேன். தானா வந்துச்சாம். சவத்து மூதி.

ஏப்ரல் மாசம். மத்தியானம். கரண்ட் இல்ல. எங்கம்மாவுக்கு டெங்கு, நூத்தி மூணு. அப்பா வண்டி எடுத்துட்டு டிரிப்புக்குப் போயிருந்தாவ. நான்தான் பக்கத்துல. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல தண்ணி, ஒரு வெள்ளத் துண்டக் கிழிச்ச துணி. நனைச்சு, புழிஞ்சு, நெத்தியில போடணும், சூடானதும் எடுக்கணும். காலையில இருந்தே என் அரை லிட்டரு முடிஞ்சிருந்துச்சு. கிண்ணத்துத் தண்ணியக் குடிச்சா அது தண்ணி குடிச்ச கணக்கு, அது தப்பு, அது எனக்குத் தெரியும், நான் நல்ல பிள்ளல்லா. ஆனா துணி? துணியில இருக்கது தண்ணியா? நாலு சொட்டு. எப்படியும் காயப் போற ஈரம். அப்படித்தான் புத்தி பேசுச்சு, வக்கீலு மாதிரி. மொதல்ல உதட்டுல ஒத்திக்கிட்டேன். பொறவு பல்லுக்கு நடுவுல வச்சேன். எங்கம்மா வேர்வ உப்பு, தலைக்குத் தேச்ச எண்ண வாசம், தைலம். குமட்டணும். குமட்டல. இனிச்சுச்சு. உறிஞ்சுன துணியத் திரும்ப அவ நெத்தியில வச்சேன், காஞ்ச துணிய. பத்து நிமிசம் கழிச்சு எங்கம்மா கண்ணத் தொறக்காம, 'ஏட்டி பிரிசி, துணி காஞ்சிருச்சு போல, சுடுது'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உனக்கு அம்புட்டுச் சூடும்மா, வச்ச ஒடனே காயுது'ன்னேன். சொல்லிட்டு நனைச்சேன், நெறையா நனைச்சேன், புழியாம. அவ நெத்தியில போடல. மத்தியானம் பூரா அப்படித்தான். சாயங்காலம் அவ ஒளற ஆரம்பிச்சுட்டா. செத்துப்போன அவ தங்கச்சியக் கூப்பிட்டு எங்கிட்ட, 'இவளுக்கு ஒரு வாய் தண்ணி குடு, பாவம்'ங்கா. எவளுக்குன்னு எனக்கு வெளங்கல. தங்கச்சிக்கா, எனக்கா. பயந்து போயி அப்பாவுக்குப் போன் பண்ணி, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேத்தோம். பொழச்சுட்டா. பொழச்சுட்டா, அக்கா, அதனாலதான் நான் கதை எழுதினேன், செத்திருந்தா எழுதிருக்க மாட்டேன். ஆனா அத என்னால நான்னு எழுத முடியல. மூணு தடவ உக்காந்தேன். 'நான் துணிய எடுத்து'ன்னு எழுதினதும் பேனா நிக்குது. நாலாவது தடவ 'அவள்'னு எழுதினேன். அந்த அவளுக்கு ஒரு மூஞ்சி வேணும்லா. பக்கத்துக் கட்டில்ல நீங்க வாயத் தொறந்து தூங்கிட்டுக் கெடந்திய. மச்சம். தெத்துப்பல்லு. வச்சேன். ஓடுச்சு பாருங்க பேனா, ஒரே மூச்சுல பதினோரு பக்கம். எனக்கு என்ன ஒரு விடுதல. உங்க தலையில எறக்கி வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டேன்.

எங்கம்மாவும் வாசிச்சா. அவ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆவும். துணி வந்த எடத்துல நின்னா. நான் அடுப்பங்கரையில இருந்து பாத்துட்டே இருக்கேன். 'இந்தத் துணி...'ன்னா. அப்பம் பத்திரிகைய மடிச்சுட்டு, 'சோறு வடிச்சியா'ன்னு கேட்டா. அவ்வளவுதான். தெரியுமா தெரியாதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாளு என் போட்டோ வந்த பக்கத்த மட்டும் வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருந்தா. இப்பமும் வெளிய நடையில அதே பெஞ்சுல உக்காந்திருப்பா, அந்தப் போர்டுக்குக் கீழ, யாரு கேட்டாலும் 'என் பிள்ள எழுதினது'ன்னு சொல்லிக்கிட்டு. இதுல இன்னொரு களவாணித்தனம் இருக்கு. நம்மள உள்ள விடுததுக்கு முன்ன எட மெசின்ல ஏத்தி நிறுத்தி வின்சென்ட் அண்ணன் சத்தம் போட்டுச் சொல்லுவாருல்லா, போன தடவைய விட எம்புட்டு ஏறிருக்குன்னு. 'செண்பகவல்லி, மூணு கிலோ எண்ணூறு! என்னக்கா, தாமிரபரணியவே குடிச்சுட்டு வந்துட்டியளா?' 'ஒரு சொம்புதான் தம்பி.' 'எந்தச் சொம்பு, குறுக்குத்துறைக் கோயில் அண்டாவா?' எல்லாரும் சிரிப்பாவ. நீங்களும் சிரிப்பிய, காது செவந்து போவும். அடுத்து நான். 'பிரிசில்லா, ஒண்ணு நானூறு. பாத்துக்கிடுங்க எல்லாரும், இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு.' கட்டுப்பாடு. எட மெசின் ஓரத்துல ஒரு கம்பி இருக்கு, சொவத்தோட பதிச்சது. அதுல முழங்கைய லேசா ஊனி நிக்கேன், துப்பட்டாவுக்குள்ள. ஒரு கிலோ, ஒண்ணரக் கிலோ அந்தக் கம்பி தாங்கிக்கிடும். ஒரு வருசமா. அவரு கம்மியாப் போட்ட எடைக்கு மிசின் கம்மியாத்தான் தண்ணி எடுக்கும், மிச்சம் என் நெஞ்சுக்குள்ள கெடக்கும். படுத்தா மூச்சு வராது, ரெண்டு தலையணைய முதுகுக்குக் குடுத்து உக்காந்தே தூங்குவேன். எங்கம்மா கேட்டா, படிக்கேன்னு சொல்லுவேன். இந்த வார்டுல அதிகமாத் தண்ணி குடிக்கது நீங்க இல்லக்கா. நான். நீங்க ஏச்சு வாங்கினிய, நான் பேரு வாங்கினேன். இப்பமும் மூச்சு முட்டுதான் செய்யுது, சொல்ல வாய் வருதா பாருங்க. சொன்னா வின்சென்ட் அண்ணன் நிமிந்து பாப்பாருல்லா, அந்தப் பார்வய நெனச்சா மூச்சு முட்டுததே தேவலன்னு இருக்கு. வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். உசிரு போனாலும் பரவால்ல, பேரு போவக்கூடாது. ஆனா உங்க பேரு போலாம். பிள்ள போலாம். அதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல, நான் முதல் பரிசு.

இன்னும் ஒரு மணி நேரம் பன்னெண்டு நிமிசம். மெர்சி சிஸ்டர் பிரசர் பாக்க வாறாவ. 'என்னட்டி இப்பிடி ஏறிக்கெடக்கு, நூத்தி எழுவது? லவ்வா?' 'ஆமா சிஸ்டர், மிசினோட.' 'வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல.' போயிட்டாவ. நீங்க சிரிக்கல. பாத்தியளா, நான் உங்களச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். ஒரு யோசன பண்ணினேன்க்கா. வெளிய போனதும் அண்ணாச்சியத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லிரலாம், அது கற்பன, அக்கா அப்படியெல்லாம் செய்யலன்னு. நம்புவாரா? கூட்டுக்காரி கூட்டுக்காரிக்காவப் பேசுதான்னு நெனப்பாரு. நெசத்தச் சொன்னாத்தான் நம்புவாரு. நெசத்த மெதுவாச் சொன்னா அவரு வெளிய சொல்லுவாரா? கோவில்பட்டியில அவுக அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவாரு? இந்த வார்டுல இருக்க பத்துப் பேரும் வாசிச்சுட்டாவ, எட்டாம் நம்பரு அண்ணாச்சி சம்சாரம் போன வாரம் உங்களப் பாத்த பார்வைய நான் பாத்தேன், டம்ளரத் தள்ளி வச்சாவ. உங்க மேல எல்லாரும் பாக்க ஒட்டினத நான் ஒரு மூலையில போயிக் கிசுகிசுன்னு கிழிச்சா எப்படிக் கிழியும்? இல்ல, இன்னொரு கதை எழுதலாம். இந்தத் தடவ நான்னு எழுதலாம். பாருங்க, பாருங்க, போயிருச்சு பாருங்க புத்தி. குத்தத்த ஒத்துக்கிடுத பொண்ணு, பக்கத்துக் கட்டில்ல திரும்பாத முதுகு, அருமையா வரும், ரெண்டாவது பரிசுக்குக் கூட யோசிச்சுட்டேன் ஒரு நிமிசம். என்னைய நானே செருப்பால அடிக்கணும், கையில ஊசி இருக்கு, ஆட்டக் கூடாது. வாயால சொல்லணும். எழுதக் கூடாது, சொல்லணும். எழுதினா அழகாயிரும்.

உங்க மிசின் மொதல்ல கத்துது. உங்களுக்கு முடிஞ்சிருச்சு. மெர்சி சிஸ்டர் ரத்தத்தத் திரும்ப ஏத்திட்டு ஊசிய உருவுதாவ. கொம்பையா அண்ணாச்சி வாசல்ல வந்து நிக்காரு, காக்கிச் சட்ட, கையில டிபன் தூக்கு. லோடு ஆட்டோ ஓட்டுத கை, பெருவிரல் ரெண்டும் தேங்காய்ச் செரட்ட மாதிரி. ஊசி எடுத்த எடத்த அவருதான் அமுக்குவாரு, ரெண்டு வருசமா, பத்து நிமிசம், ஏதாவது ஊர்க்கத சொல்லிக்கிட்டே, ரத்தம் நிக்குத வரைக்கும். இங்க எல்லாருக்கும் அவுகவுக வீட்டு ஆளுதான் அமுக்கணும், எனக்கு எங்கம்மா. நீங்க கைய நீட்டிட்டிய. பழக்கத்துல நீட்டிட்டிய. பஞ்சுக்கு மேல சிஸ்டர் வெரலு இருக்கு, சிஸ்டர் அவரு வந்து மாத்திக்கிடுவாருன்னு பாக்காவ. அவரு வாசலத் தாண்டல. அந்த டிபன் தூக்க வாசப்படியில வச்சுட்டு, சொவத்துல இருக்க கடிகாரத்தப் பாத்துட்டு, 'நீங்களே அமுக்கிருங்க சிஸ்டர்'ங்காரு. உங்க கை அப்படியே நிக்குது. நீங்க அந்தக் கையப் பாக்கிய, யாரோ மறந்து விட்டுட்டுப் போன சாமான் மாதிரி.

'அண்ணாச்சி.' என் சத்தம்தானா இது, இம்புட்டு ஒடஞ்சு. 'கொம்பையா அண்ணாச்சி, உள்ள வாங்க.' வின்சென்ட் அண்ணன் திரும்புதாரு, 'ஏட்டி, கத்தாத, பிரசர் ஏறும்.' 'ஏறட்டும்ண்ணே. நீங்களும் கேளுங்க. எல்லாரும் கேளுங்க, கண்ண மூடாதிய எட்டாம் நம்பரு அண்ணாச்சி, நீங்களும்தான்.' நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது. மூச்ச ரெண்டா வெட்டி வெட்டித்தான் பேச வருது. 'அந்தப் போர்டுல இருக்க கதையில நெத்தித்துணியச் சூப்பினது செண்பகம் அக்கா இல்ல. நான். எங்கம்மா டெங்கு காச்சல்ல கெடக்கும்போது, அவ நெத்தியில இருந்து எடுத்து, ஒரு மத்தியானம் பூரா. அவ வெளிய பெஞ்சுல இருக்கா, கேக்கட்டும். எம்மா, கேக்குதா? துணி தானாக் காயலம்மா. அத என் பேர்ல எழுத எனக்குத் தைரியம் இல்ல, அக்கா மூஞ்சிய எடுத்து ஒட்டிட்டேன். அக்கா அவ பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கொறச்சது கெடையாது. வின்சென்ட் அண்ணே, எனக்கு எட கம்மியா வாறதும் பொய்யி, கம்பியில கைய ஊனி நிப்பேன், பொறவு ஏசுங்க, இப்பம் இல்ல.' நடையில ஏதோ உருண்டு விழுந்த சத்தம், எங்கம்மா தண்ணி பாட்டிலா இருக்கும், அவ வரல, நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன், பாத்தா பேச்சு நின்னுரும். எட்டாம் நம்பரு சம்சாரம் என்னைய ஏதோ பல்லியப் பாக்குத மாதிரி பாக்காவ. பாக்கட்டும். இது எனக்கு வர வேண்டிய பார்வ. நீங்க திரும்பிட்டிய, அக்கா, மூஞ்சியில என்ன இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியல, மன்னிப்பு மாதிரி இல்ல, நான் அதக் கேக்கவும் இல்ல. எனக்குக் கேக்க வேண்டியது அவருகிட்ட. 'அண்ணாச்சி, நான் பொய் எழுதினேன், சரி. ஆனா நீங்க கூடவே பொழச்சவருல்லா. அந்தக் காச்சல் நேரத்துல ராவும் பகலும் அந்தப் பிள்ளையத் தோள்ல போட்டுட்டு நடந்தது யாருன்னு கண்ணால பாத்தவருல்லா. பத்திரிகையில வந்தத நாலு மணி நேரம் வெரல வச்சு வாசிச்சிய, உள்ள கெடந்த பொண்டாட்டிகிட்ட ஒத்த வார்த்த கேட்டியளா? ஏன் கேக்கல? வெளிய போயி ஆட்டோவுக்குள்ள வச்சுச் சொல்ல வேண்டாம், வீட்டுல போயிக் கதவச் சாத்திட்டுச் சொல்ல வேண்டாம். போர்டுல வாசிச்ச அத்தன பேரும் இங்கதான் இருக்காவ. இங்க நின்னு, இவுக எல்லாரும் கேக்க, அக்காகிட்ட சொல்லுங்க, தர்ஷிகாவ என்னைக்குக் கூட்டிட்டு வாறிய?'